மயிலாப்பூரில் எத்தனை மணிக்கு என்ன கிடைக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களும், சென்னையிலேயே இருந்துகொண்டு மயிலாப்பூர் பக்கம் எட்டிப் பார்க்காத நண்பர்களும் போன் செய்து கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்து, சாப்பிட்டு முடித்துவிட முடியுமா?

முடியாது. வயிறும் இடம் கொடுக்காது, கடைகளும் இடம் கொடுக்காது. இங்கே "எங்கே" என்பதைவிட "எத்தனை மணிக்கு" என்பதுதான் பெரிய கேள்வி. இட்லிக்கு ஒரு நேரம், பஜ்ஜிக்கு ஒரு நேரம், காய்கறிக்கு ஒரு நேரம். கபாலீஸ்வரர்கூட மதியம் நடையைச் சாத்திக்கொண்டால் மாலை நாலு மணி வாக்கில்தான் மறுபடி தரிசனம் தருவார்.

திருச்சியிலிருந்து வந்த என் பெரியப்பாவுக்கு மயிலாப்பூர் இட்லி வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டினேன். குளித்து, பேப்பர் படித்து, சாவகாசமாகப் பத்தரை மணிக்கு ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன். கல்லாவில் இருந்தவர் பார்த்த பார்வையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. "மாவு முடிஞ்சுடுத்து. நாளைக்குக் கார்த்தால வாங்கோ." பெரியப்பா வீட்டுக்கு வந்து தயிர்சாதம் சாப்பிட்டார். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னை யாருக்காவது அறிமுகம் செய்யும்போது அந்தக் கதையில்தான் ஆரம்பிக்கிறார்.

அதனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: காலை ஆறரையிலிருந்து பத்து, அல்லது மாலை நாலரையிலிருந்து எட்டரை. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு நாள் வாருங்கள்.

எப்படி வருவது? காரில் வரலாமா?

வரலாம். வந்து எங்கே நிறுத்துவீர்கள் என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். மாட வீதிகள் தேருக்காகப் போட்டவை, காருக்காக அல்ல. போதாக்குறைக்கு லஸ் கார்னரைச் சுற்றி மெட்ரோ ரயில் வேலைக்காகத் தடுப்புகள் வைத்து பஸ்களை வேறு வழியில் திருப்பி விட்டிருக்கிறார்கள். போன மாதம் இருந்த வழி இந்த மாதம் இருக்கும் என்று சொல்ல முடியாது. கடற்கரையிலிருந்தோ வேளச்சேரியிலிருந்தோ பறக்கும் ரயிலில் ஏறித் திருமயிலை நிலையத்தில் இறங்கி நடந்தால் பத்து நிமிடத்துக்குள் குளக்கரை.

காலை டிபனுக்கு ஒரே ஒரு இடம் சொல்லுங்கள்.

கச்சேரி சாலையிலிருந்து பிரியும் அருண்டேல் தெருவில் இருக்கும் ராயர் மெஸ். இட்லி, பொங்கல், மெதுவடை, அதோடு கெட்டிச் சட்னி. இடம் சின்னது. உள்ளே சாப்பிடுகிறவர்கள் எழுந்தால்தான் வெளியே நிற்பவர்களுக்கு இடம். நிற்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். பாதிப் பேர் முப்பது நாற்பது வருடமாக வருகிறவர்கள், "முன்னே மாதிரி இல்லை" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது வடை கேட்பார்கள். கெட்டிச் சட்னியை சாம்பாரில் கரைத்துவிடாதீர்கள். தனியாகத் தொட்டுச் சாப்பிட வேண்டிய சரக்கு அது.

கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ் இருக்கிறது. கோயிலுக்குப் போய்விட்டு நேராக அங்கே நுழையலாம், வயதானவர்களோடு வந்தால் அதுதான் வசதி. நின்றபடி சாப்பிடத் தயார் என்றால் பிச்சுப்பிள்ளை தெருவில் மாமி டிபன் கடை. தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு தெருவிலேயே, நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டருக்கும் மாட்டுக்கும் நடுவே நின்று சாப்பிட வேண்டியதுதான். என் மனைவிக்கு அது பிடிக்காது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

அப்புறம் ஒரு விஷயம்: கச்சேரி சாலைக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் காலத்தில் கச்சேரி என்றால் அரசாங்க அலுவலகம். மயிலாப்பூர் என்றாலே சங்கீதம் என்று நினைப்பவர்கள் முதலில் ஏமாறும் இடம் இது.

காளத்தி கடை ரோஸ் மில்க்கில் அப்படி என்ன இருக்கிறது?

பாலும், ரோஸ் எசென்ஸும், சர்க்கரையும், நல்ல ஜில்லிப்பும். ரகசியம் ஒன்றும் எனக்குத் தெரியாது. கிழக்கு மாட வீதியில் இருக்கும் அது அடிப்படையில் பத்திரிகைக் கடை. வார இதழ், நாளிதழ் வாங்க வந்தவர்கள் ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் போனார்கள். இப்போது ரோஸ் மில்க் குடிக்க வந்தவர்கள் பத்திரிகையை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. வெயிலில் நாலு வீதியும் சுற்றிவிட்டு வந்து குடியுங்கள். ஏசி காரிலிருந்து இறங்கிக் குடித்தால் "இதற்கா இவ்வளவு பேச்சு" என்றுதான் தோன்றும்.

மதியம் வந்து மாட்டிக்கொண்டேன். என்ன செய்வது?

கோயில் சாத்தியிருக்கும். சின்னக் கடைகளில் சிலர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். அந்த நேரத்துக்கு மூன்று இடம் உண்டு.

முதலாவது, கச்சேரி சாலையில் இருக்கும் டப்பா செட்டி கடை. நூறாண்டைத் தாண்டிய நாட்டு மருந்துக் கடை. சரக்குகளை டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருந்ததால் வந்த பெயர் அது. சுக்கு, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, வசம்பு, கஸ்தூரி மஞ்சள் எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும் பாருங்கள், எனக்கு அது பாட்டி வீட்டு அலமாரி. தீபாவளிக்கு முன்பு லேகியச் சாமான் வாங்க அங்கே கூட்டம் நிற்கும். பிரசவமான பெண்ணுக்குக் கொடுக்கும் மருந்துச் சாமானும் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். எதை எவ்வளவு சேர்ப்பது என்று தெரியாவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள்.

இரண்டாவது, லஸ் தேவாலயம். வாசல் கல்வெட்டில் 1516 என்று இருக்கிறது. சென்னைக் கோட்டையைவிட நூற்றுச் சொச்சம் வருடம் மூத்தது. "லஸ்" என்றால் போர்ச்சுகீசிய மொழியில் ஒளி. கடலில் வழி தவறியவர்களுக்கு ஒரு ஒளி கரை காட்டியதாகக் கதை. தமிழில் காட்டுக் கோயில் என்பார்கள். இன்றைய லஸ் முனையில் நின்றுகொண்டு இங்கே காடு இருந்தது என்று நினைத்துப் பார்ப்பதே ஒரு வேடிக்கை.

மூன்றாவது, லஸ் சர்ச் சாலையில் நாகேஸ்வர ராவ் பூங்கா. அமிர்தாஞ்சன் தைலத்தைக் கொண்டுவந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பெயரில் இருப்பது. மதியத்தில் மர நிழலில் தூங்கலாம். காலையில் வந்தால் தூங்க முடியாது, நடப்பவர்கள் கூட்டம். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் சிறுவர் சிறுமியர் மைக் இல்லாமல் பாடும் கச்சேரி அங்கே பல வருடமாக நடந்து வந்திருக்கிறது. காக்கையும் கூடவே ராகம் இழுக்கும்.

ஜன்னல் கடை என்கிறார்களே, உண்மையிலேயே ஜன்னல்தானா?

ஆமாம், ஜன்னல்தான். பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஒரு பழைய வீட்டு ஜன்னல். உள்ளே அடுப்பு, வெளியே நாம். கம்பிகளுக்கு நடுவே காசு போகும், பஜ்ஜியும் போண்டாவும் வரும். சூடாக இருக்கும்போதே தின்றுவிட வேண்டும். பார்சல் வாங்கிப்போய் ஆறவைத்துத் தின்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்குவது சூப்பர் மார்க்கெட்டில் வாங்குவதைவிட எந்த விதத்தில் நல்லது?

வெண்டைக்காயும் தக்காளியும் மட்டும்தான் வேண்டும் என்றால் உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே வாங்குங்கள். இங்கே வர வேண்டியது மற்ற இடத்தில் கிடைக்காததற்கு. வாழைப்பூ, வாழைத்தண்டு, பிடிகருணை, மாங்காய் இஞ்சி, சுண்டைக்காய், மணத்தக்காளிக் கீரை. குளிர் மாதங்களில் கொத்தாகப் பச்சை மிளகு, மாகாளிக் கிழங்கு. பொங்கல் நெருங்கினால் பச்சை மொச்சை, இலையோடு மஞ்சள் கொத்து, கரும்பு. பங்குனி பிறந்தால் வேப்பம்பூ. எந்த மாதம் நடக்கிறது என்று காலண்டரைப் பார்க்க வேண்டாம், அந்த வீதியில் ஒரு நடை போனால் தெரிந்துவிடும்.

விற்கிறவர்களுக்கும் சமையல் தெரியும் என்பது இன்னொரு லாபம். முதல் தடவை மாகாளிக் கிழங்கு வாங்கியபோது அதன் வாடையைப் பார்த்து நான் முகம் சுளித்தேன். கடைக்கார அம்மா சிரித்தார். "மூட்டைப்பூச்சி வாசனதான் சார் அது. தோலச் சீவி, நடு நரம்ப எடுத்துட்டு, மோருல ஊறப் போடுங்க. அப்புறம் விடமாட்டீங்க." விடவில்லை.

வாழைப்பூ ஆய நேரமில்லாதவர்களுக்கு ஆய்ந்தே வைத்திருப்பார்கள். நறுக்கிய வாழைத்தண்டும் பையில் போட்டுக் கிடைக்கும். என் பாட்டி இதைப் பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பார். நான் நன்றியோடு வாங்கிக்கொள்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் வீதி களைகட்டும். சொந்தப் பை கொண்டுபோங்கள்.

மாவடு எப்போது வரும்? வாங்கினால் எப்படிப் போடுவது?

மாசி கடைசியில் தலைகாட்டி, பங்குனியில் குவியும். உருண்டையாக, கெட்டியாக, சின்னக் காம்போடு இருப்பதைப் பொறுக்குங்கள். அடிபட்டது ஒன்று போனாலும் ஜாடி முழுவதையும் கெடுக்கும்.

கழுவித் துணியில் பரப்பி ஈரம் போகக் காயவிடுங்கள். முதல் வருடம் நான் அவசரத்தில் இந்த இடத்தில்தான் கோட்டை விட்டேன், பத்தாம் நாள் ஜாடியைத் திறந்தால் பூசணம். காய்ந்ததும் கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி, ஜாடியில் ஒரு அடுக்கு வடு, ஒரு அடுக்கு கல்லுப்பு என்று போட்டு, தினமும் குலுக்கிவிடுங்கள். மூன்று நாலு நாளில் தண்ணீர் விட்டுக்கொள்ளும். அந்தத் தண்ணீரையே எடுத்து, மிளகாய் வற்றல், கடுகு, மஞ்சள் சேர்த்து அரைத்து, திரும்ப ஜாடியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். வடு சுருங்கச் சுருங்க ருசி ஏறும். சித்திரை வெயிலில் தயிர்சாதத்துக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பூ எங்கே வாங்கலாம்? முழம் என்றால் எவ்வளவு?

கோயிலைச் சுற்றி எங்கே திரும்பினாலும் பூ. முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. யார் முழங்கை என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். என் பக்கத்து வீட்டு மாமி உயரமான பூக்காரரிடம் மட்டும்தான் வாங்குவார். வெள்ளிக்கிழமையும் முகூர்த்த நாளும் விலை ஏறும், அன்றைக்குப் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. மல்லி எல்லா இடத்திலும் கிடைக்கும். இங்கே வந்தால் கதம்பம் வாங்குங்கள். நடுநடுவே மரிக்கொழுந்து வைத்துக் கட்டியிருப்பார்கள், மறுநாள் வாடின பிறகும் வாசனை போகாது.

பேரம் பேசலாமா?

பொம்மை, பித்தளைப் பாத்திரம், நடைபாதைச் சாமானுக்குப் பேசலாம். கீரைக்கட்டுக்குப் பேசாதீர்கள்.

மகள் பரதநாட்டியம் கற்கிறாள். அரங்கேற்றத்துக்கு நகை இங்கேதான் வாங்க வேண்டுமா?

"தான்" என்றில்லை. ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் அமைவது இங்கேதான். வடக்கு மாட வீதியிலும் சன்னதிப் பக்கமும் கெம்புக் கல் பதித்த கோயில் நகைக் கடைகள் இருக்கின்றன. நெற்றிச்சுட்டி, சூரியப் பிறை, சந்திரப் பிறை, ராக்கொடி, ஜடைநாகம், வங்கி, ஒட்டியாணம், குஞ்சலம் என்று பெயர் சொன்னாலே எடுத்து வைப்பார்கள். பெயர் தெரியாவிட்டால் "தலையில் இந்த இடத்தில்" என்று தொட்டுக் காட்டினாலும் போதும். சலங்கையும் பக்கத்திலேயே கிடைக்கும். மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஒட்டியாணத்தை இடுப்பில் வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. வளருகிற பிள்ளை என்றால் சரிசெய்துகொள்ளும்படி வாங்குங்கள்.

கொலு பொம்மைக்கு எப்போது வருவது?

நவராத்திரிக்குப் பத்து நாள் முன்பு. வடக்கு மாட வீதி நடைபாதை முழுக்கப் பொம்மை. காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரைப் பக்கத்து விளாச்சேரி என்று பல ஊர்ப் பொம்மையும் வந்து இறங்கும். தசாவதார செட், கல்யாண செட், கிரிக்கெட் செட். செட்டாக வாங்கும்போது ஒவ்வொரு பொம்மையாக எடுத்து மூக்கு, விரல், கிரீடம் பாருங்கள். தசாவதாரத்தில் எண்ணிக்கையையும் சரிபாருங்கள். எங்கள் வீட்டுக் கொலுவில் ஒரு வருடம் வராகர் வரவில்லை, அதற்குப் பதில் இரண்டு வாமனர். கடைசி இரண்டு நாளில் விலை இறங்கும் என்பது உண்மை, நல்ல பொம்மை அதற்குள் போயிருக்கும் என்பதும் உண்மை.

அறுபத்துமூவர் அன்று வரலாமா? கூட்டம் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர். காலையில் குளக்கரையில் சம்பந்தர் பூம்பாவையை உயிர்ப்பித்த நிகழ்ச்சி. மதியத்துக்கு மேல் அறுபத்துமூன்று நாயன்மார்களும் சப்பரங்களில் மாட வீதி சுற்றுவார்கள். அன்றைக்கு ஊரில் பாதி மயிலாப்பூரில்தான்.

ஆனால் சாப்பாட்டுப் பிரியர்கள் தவறவிடக்கூடாத நாளும் அதுதான். தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு நீர்மோர், பானகம், சுண்டல், புளியோதரை, தயிர்சாதம், கேசரி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். இது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பூம்பாவையைக் கூப்பிட்டுப் பாடிய பதிகம் ஓணம், விளக்கீடு, பூசம், பங்குனி உத்திரம் என்று மயிலையின் விழாக்களை வரிசையாகச் சொல்லும். அந்த வரிசையே அட்டிட்டலில், அதாவது அடியார்களுக்குச் சமைத்துப் போடுவதில்தான் ஆரம்பிக்கிறது. இதையெல்லாம் பார்க்காமல் போகிறாயே பெண்ணே என்கிறார். செத்துப்போனவளைத் திரும்பக் கூப்பிட முதலில் சாப்பாட்டைச் சொன்ன ஊர் இது.

குழந்தையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். செருப்பைப் பழையதாகப் போட்டு வாருங்கள். கூட்டம் ஆகவே ஆகாது என்றால் தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள் நடக்கும் தெப்பத்துக்கு வாருங்கள். முதல் நாள் கபாலீஸ்வரர், அடுத்த இரண்டு நாள் முருகன், அதாவது சிங்காரவேலர். குளத்தைச் சுற்றி எந்தப் படியில் உட்கார்ந்தாலும் தெரியும்.

பாட்டு ஒன்றும் தெரியாது. டிசம்பர் சீசனுக்கு வந்து என்ன செய்வேன்?

கேண்டீனுக்குப் போவீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சபாவுக்கு வருகிறவர்களில் கணிசமானவர்கள் அதற்குத்தான் வருகிறார்கள், மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் யார் யார் எழுந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கல்யாணச் சமையல் செய்யும் கை தேர்ந்தவர்கள் அந்தச் சில வாரங்கள் சபாக்களில் கடை போடுவார்கள். கீரை வடை, வாழைப்பூ வடை, அசோகா அல்வா, போளி, நல்ல காபி. பெரும்பாலும் டிக்கெட் இல்லாமலே சாப்பிட விடுவார்கள். மதியக் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம், பாடுகிறவர்கள் இளையவர்கள். சாப்பிட்ட மயக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுத்தான் எனக்குக் கல்யாணியும் சங்கராபரணமும் வேறு வேறு ராகம் என்று தெரியவந்தது. இன்னும் சில நாள் குழப்பம் உண்டு.

மார்கழியில் விடியற்காலை எழ முடிந்தால் மாட வீதிக்கு வாருங்கள். பாபநாசம் சிவன் தொடங்கிவைத்த வீதி பஜனை வழக்கம் இன்னும் இருக்கிறது. குளிர், கோலம், ஜால்ரா, கோயில் பொங்கல்.

நாங்கள் அசைவம். மயிலாப்பூரில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

கடல் இருக்கிறது. மயிலாப்பூர் என்றால் பில்டர் காபியும் அக்ரஹாரமும் மட்டும் என்று பேசுகிறவர்கள் கிழக்கே ஒன்றரை கிலோமீட்டர் நடந்து பார்த்ததில்லை. சாந்தோமைத் தாண்டி லூப் சாலைக்குப் போனால் நொச்சிக்குப்பம். காலையில் படகு கரையேறியதும் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, கானாங்கெளுத்தி எல்லாம் அங்கேயே விலைக்கு வரும். முன்பு சாலையோரத்தில் பலகை போட்டு விற்றார்கள். 2024-இல் அவர்களுக்கென்று நவீன மீன் அங்காடி கட்டித் திறந்திருக்கிறார்கள். சுத்தம் செய்து வெட்டித் தருவார்கள். கபாலி கோயிலே முன்பு கடற்கரையில்தான் இருந்தது, போர்ச்சுகீசியர் காலத்துக்குப் பிறகு இப்போதைய இடத்துக்கு வந்தது என்பார்கள். இந்த ஊரின் மூத்த குடி யார் என்று இதிலிருந்து யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குத் திரும்பும்போது என்ன வாங்கிப்போகலாம்?

அப்பளம், வடாம், காபிப் பொடி. அப்பளத்துக்கு அம்பிகா. காபிப் பொடிக்குக் கண்ணெதிரே அரைத்துத் தரும் எந்தக் கடையும் சரி. காபிக் கொட்டையில் பீபெரி, பிளான்டேஷன் ஏ என்ற இரண்டு ரகமும் பாதிக்குப் பாதி, நூற்றுக்கு இருபதுக்கு மேல் சிக்கரி வேண்டாம், இது என் கணக்கு. பொடியைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் கட்டாயம் கேட்பார், எந்தக் கடை என்று. சாமி படம், ஸ்லோகப் புத்தகம், பூஜைச் சாமான் என்றால் கோயில் பக்கத்தில் கிரி டிரேடிங். உள்ளே போனால் ஒரு மணி நேரம் போய்விடும், அதை கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு எத்தனை மணி வரை ஊர் விழித்திருக்கும்?

எட்டரைக்குப் பூக்காரர்கள் மிச்சத்தைச் சொன்ன விலைக்குத் தள்ளிவிட ஆரம்பிப்பார்கள். ஒன்பது மணி வாக்கில் கோயிலில் பள்ளியறை பூஜை. பள்ளியறை ஆனதும் மாட வீதியில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு பசித்தால் எங்கள் வீட்டில் தோசை மாவு இருக்கும், மாவடுவும் இருக்கும். முன்கூட்டியே போன் செய்துவிட்டு வாருங்கள்.